ஏழாம் மடையின் பதினோரு விநாடி

சிக்கல் வரைக்கும் முருகலட்சுமிக்கும் எனக்கும் பேச்சு கிடையாது.

எங்கள் ஊரிலிருந்து காலை ஏழே காலுக்குக் கிளம்பும் ராமநாதபுரம் பஸ்ஸில் அவள் டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டில் உட்காருவாள். அது அவுக தெரு ஆட்கள் சீட்டு. யாரும் எழுதி ஒட்டவில்லை, எழுதி ஒட்டவும் தேவையில்லை. நான் பின்படிக்கட்டுப் பக்கம். இருபது நிமிடம் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவோம். சிக்கல் நிறுத்தத்தில் ஊர்க்காரர்கள் முக்கால்வாசி இறங்கிவிடுவார்கள், வேற்றூர்க் கூட்டம் ஏறும். அப்போது அவள் எழுந்து, ஏறுகிற யாராவது ஒரு வயசான அம்மாவுக்குத் தன் சீட்டைக் கொடுப்பாள். பார்ப்பவர்களுக்கு நல்ல பிள்ளை. பிறகு பின்னால் நடந்து வந்து, பக்கத்து இடத்தில் கிடக்கும் என் பையைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டு உட்காருவாள்.

"நேத்து அனுப்புனத கேட்டியாடி?"

சாப்பிட்டியா, தூங்கினியா என்பதெல்லாம் எங்களுக்குள் கிடையாது. நேராகப் பாட்டுதான்.

அவள் ராமநாதபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பாக்கர் பாயின் செல்போன் கடையில் வேலை. பி.எஸ்ஸி. கணிதம், முதல் வகுப்பு. எங்கள் காலனியில் டிகிரி வாங்கிய முதல் ஆள் நான்தான். அந்தச் சான்றிதழை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். கடையில் ஸ்கிரீன் கார்டு ஒட்டுகிறேன். இரண்டும் ஒரே மாதிரி வேலைதான், குமிழி வராமல் தேய்க்க வேண்டும்.

எங்களைச் சேர்த்தது 'ஏழாம் மடை' படம். பார்க்காதவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். ஒரு கண்மாய், ஏழு மடை. ஏழாவது மடை கடைசி வயல்களுக்குப் போகிறது. அந்த வயல்கள் காலனி ஆட்களுடையவை என்பதால் அந்த மடையை மூன்று தலைமுறையாகத் திறப்பதில்லை. ஒரு கூலிக்காரன் பட்டப்பகலில், ஊரே பார்க்க, நடந்து போய் அந்த மடைக் கம்பியில் கை வைக்கிறான். அந்த இடத்தில் இசையமைப்பாளர் ஜெயக்கொடி எல்லாச் சத்தத்தையும் நிறுத்திவிடுவார். காற்றுகூட இருக்காது. பிறகு ஒரே ஒரு சத்தம் எழும்பும். அடித்தொண்டையிலிருந்து வருவது மாதிரி, இழுத்துக்கொண்டே போகும். பதினோரு விநாடி. பன்னிரண்டாவது விநாடியில் பறை விழும்.

படம் வந்த வருஷம் எங்கள் காலனிப் பையன்கள் கோயில் கொடைக்கு அந்த இடத்தை மைக் செட்டில் போட்டார்கள். நிறுத்தச் சொல்லி மேலத் தெருவிலிருந்து வந்தார்கள். போலீஸ் வந்தது. அதற்குப் பிறகு எந்த பஸ்ஸிலும் எந்தப் பாட்டும் போடக்கூடாது என்று டிரைவர்களிடம் சொல்லிவிட்டார்கள். முருகலட்சுமியின் அண்ணன் முனீஸ்வரன்தான் தியேட்டர் வாசலில் போஸ்டரைக் கிழிக்க ஆள் கூட்டிக்கொண்டு போனவன். எங்கள் ஊரைப் பொறுத்தவரை அது இசை இல்லை, கேஸ்.

அவளுக்கு அது இசை என்று எனக்குத் தெரிய வந்தது ஒரு விபத்து. உத்தரகோசமங்கை தாண்டி பஸ் குலுங்கியதில் என் ஹெட்செட் பின் கழன்று, கேட்டுக்கொண்டிருந்தது வெளியே கொட்டிவிட்டது. சரியாக அந்த இடம். கூட்டத்தில் நின்றுகொண்டிருந்த முருகலட்சுமி திரும்பிப் பார்த்தாள். ராமசுப்பிரமணியன் மகள், முனீஸ்வரன் தங்கச்சி. அவசரமாகப் போனை அமுக்கி நிறுத்தினேன். அவள் குனிந்து என் காதோரம் சொன்னாள்.

"இது தியேட்டர்ல பிடிச்சது. பின்னாடி எவனோ இருமுறான் பாரு. சுத்தமானது எங்கிட்ட இருக்கு, அனுப்பவா?"

போர்வைக்குள் போனை வைத்து அந்தப் படத்தை ஒன்பது தடவை பார்த்திருக்கிறாள். போஸ்டரைக் கிழித்தவன் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருக்க.

அன்றிலிருந்து இரண்டு வருஷம். சிக்கலிலிருந்து ராமநாதபுரம் வரை ஒரு ஹெட்செட், ஆளுக்கொரு காது. எங்கள் தீராத சண்டை அந்தப் பதினோரு விநாடிதான். அது பொம்பளைக் குரலா, கம்பி வாத்தியமா?

"பொம்பளதான்டி. ஏழாவது விநாடியில மூச்சு வாங்குறா பாரு" என்பாள் அவள்.

"அது வில்லு திரும்புற எடம். ஒனக்குக் காது அவுஞ்சு போச்சு."

"வில்லு திரும்புனா இப்படியா கேக்கும்? மூணாங் கிளாஸ் பிள்ளையக் கேட்டாக்கூடச் சொல்லும்."

"ஒன்ட்ட படிக்கிற பிள்ளைக அப்படித்தான் சொல்லும்."

"தோத்தா என்ன பண்ணுவ?"

"ஒனக்குப் பிடிச்ச அந்தக் கிளிப்பச்சைச் சட்டை ஹீரோ படத்த முழுசா பாக்குறேன். பாட்டு வந்தா ஓட்டிவிட மாட்டேன்."

"இது போதும்டி. செத்த நீ."

ஜெயக்கொடி ரசிகர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. நானூறு பேர். அங்கே இந்தக் கேள்வியைப் போட்டேன். பதினேழு பேர் நெருப்புப் படம் அனுப்பினார்கள். ஒருத்தன் 'தலைவர் போட்டா எல்லாமே தெய்வம்' என்றான். ஒருத்தன் எனக்குத் தனியாக ஹாய் அனுப்பினான். அவ்வளவுதான் அந்த நானூறு பேரின் ரசனை. உலகத்தில் நான் கேட்பதைக் கேட்கும் ஆள் எனக்கு ஒருத்திதான், அதுவும் சிக்கலுக்கு அப்புறம்தான்.

பங்குனிக் கடைசிச் சனிக்கிழமை மதுரையில் ஜெயக்கொடியின் நிகழ்ச்சி என்று அறிவித்தார்கள். மேடையில் அறுபது பேர், எல்லாம் நேரடி வாசிப்பு. இரண்டு டிக்கெட் போட்டோம். முருகலட்சுமிக்கு வைகாசியில் கல்யாணம் முடிவாகியிருந்தது. அருப்புக்கோட்டைப் பக்கம் மாப்பிள்ளை. வேலைக்கு அனுப்ப மாட்டார்களாம்.

"பள்ளிக்கூடத்துல டிரெய்னிங்னு சொல்லிட்டு வாரேன்" என்றாள். "இதுக்கப்பறம் எங்க போக, மயிலு? ஒரே ஒரு தடவ. அந்தச் சத்தத்த எவ போடுறான்னு கண்ணால பாத்துட்டு வந்துருவோம்."

"எவ இல்ல, எது."

"பாப்போம்டி."

எங்களுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். இதற்கு மேல் நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

இனிமேல் நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

நிகழ்ச்சிக்குப் பத்து நாள் முன்னால் அவளுக்குப் பிறந்தநாள். ஸ்கிரீன் கார்டு மாற்றுவதற்காக போனைக் கடையில் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வாங்கிக்கொள்கிறேன் என்று பள்ளிக்குப் போனாள். கடையில் கூட்டம் இல்லை. பாம்பனிலிருந்து வந்த படகுக்காரர் ஒருவர் உப்புத் தண்ணீர் குடித்த போனை பிளாஸ்டிக் பையில் வைத்துக்கொண்டு பாக்கர் பாயிடம் மன்றாடிக்கொண்டிருந்தார். நான் முருகலட்சுமியின் நம்பருக்குக் காலர் ட்யூன் வைத்தேன். அந்த இடம்தான். பதினோரு விநாடியும் அதற்கப்புறம் பறையும்.

காலர் ட்யூனில் ஒரு விசேஷம் உண்டு. அதை வைத்திருக்கும் ஆளுக்கு அது கேட்காது. கூப்பிடுகிறவர்களுக்குத்தான் கேட்கும். மதுரையில் மைதானத்தில் வைத்து என் போனைக் கொடுத்து, 'ஒன் நம்பருக்கு நீயே போடு' என்று சொல்வதாகத் திட்டம். அவள் முகம் எப்படி மாறும் என்று நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டேன். உறுதி செய்து வந்த மெசேஜை அழித்தேன். அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாதே. கடை போனிலிருந்து ஒரு தடவை அவள் நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். என் கையிலேயே அவள் போன் அதிர்ந்துகொண்டிருந்தது, என் காதில் அந்தச் சத்தம் எழும்பியது.

"என்ன புள்ள தனியா சிரிக்கிற?" என்றார் பாக்கர் பாய்.

"ஒண்ணுமில்ல பாய்."

தினமும் முப்பது பேருக்குக் காலர் ட்யூன் வைத்துக் கொடுக்கிறவள் நான். கூப்பிடுகிற எல்லாருக்கும் அதுதான் கேட்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் என் மனசில் முருகலட்சுமி சிக்கலுக்கு அந்தப் பக்கம் மட்டுமே இருப்பவள். இந்தப் பக்கம் அவளுக்கு ஒரு வீடும், அண்ணனும், சம்பந்தக்காரர்களும் இருப்பது அந்த அரை மணி நேரம் எனக்கு மறந்துபோயிருந்தது. கணிதத்தில் முதல் வகுப்பு வாங்கிய மண்டை இது.

ஐந்து நாள் அவள் நம்பருக்கு யாரும் கூப்பிடவில்லை போல. ஆறாம் நாள் காலையில் முகூர்த்தப் புடவை நிறம் கேட்க மாப்பிள்ளையின் சித்தப்பா கூப்பிட்டிருக்கிறார். அவள் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறாள். அவர் கேட்டிருக்கிறார். முழுசாகக் கேட்டுவிட்டு அவள் அப்பாவுக்குப் போட்டிருக்கிறார்.

"என்ன மச்சான், வீட்டுக்குள்ளயே மடையத் தொறந்துட்டீகளாக்கும்?"

அன்றைக்கு அவள் பஸ்ஸில் வரவில்லை. காய்ச்சல் என்று நினைத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அய்யா வாசல் கல்லில் உட்கார்ந்திருந்தார். அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவேன்; முருகலட்சுமி வீட்டு மிளகாய்க் காட்டில் வேலை பார்ப்பவர். பழம் எடுக்கும் பருவத்தில் இருட்டும் வரை காட்டில்தான் இருப்பார்.

"என்னய்யா, வெள்ளன வந்துட்டீக?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "முனீஸ்வரன் தம்பி கூப்பிட்டு விட்டுச்சு. நடையில நிக்க வச்சுக் கேட்டுச்சு. 'ஏலே குருநாதா, ஒம் மக எங்க வீட்டுப் பிள்ள போன்ல என்னத்தடா வச்சா'ன்னுச்சு. எனக்கு என்னத்தா தெரியும்? நான் பேந்தப் பேந்த முழிச்சேன்."

அய்யாவுக்கு ஐம்பத்தெட்டு வயசு. முனீஸ்வரனுக்கு முப்பது.

"அந்தப் பிள்ள என்ன சொல்லுச்சு?"

"கதவோரமா நின்னுச்சு. கடையில குடுத்தேன், கடைக்காரப் பிள்ள எனக்குத் தெரியாம வச்சுட்டான்னு சொல்லுச்சு. ஒன்னய யாருன்னே தெரியாதாம்."

அவள் சொன்னதில் முதல் பாதி உண்மை. அவளுக்குத் தெரியாமல்தான் வைத்தேன். அந்த உண்மையைச் சொல்லித் தப்பிக்கவேண்டிய இடத்துக்கு அவளைத் தள்ளியது நான்தான். ஆனால் அந்த இரண்டாம் பாதி. அதை நான் இன்றுவரை மென்றுகொண்டிருக்கிறேன். அதுவும் நியாயம்தான் என்று தெரியும். தெரிந்தால் மட்டும் வலிக்காமல் போகுமா?

"யாருன்னே தெரியாத பிள்ளைக்கு என்னத்துக்குத்தா பாட்டு வச்ச?" என்று அய்யா கேட்டார். திட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"நல்லா இருக்கும்னு வச்சேன்."

"நல்லாத்தான் இருக்கும்" என்றார். "நாளைல இருந்து காட்டுக்கு வர வேணாம்னுட்டாக."

மறுநாள் பதினோரு மணிக்கு முனீஸ்வரன் கடைக்கு வந்தான். பைக்கை நடுரோட்டில் நிறுத்திவிட்டு, தங்கச்சியின் போனைக் கண்ணாடி மேசையில் வைத்தான். நான் ஒட்டிய ஸ்கிரீன் கார்டு அப்படியே இருந்தது, ஒரு குமிழி இல்லை.

"எடு அத."

வீட்டில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். எங்க அய்யாவுக்கு ஒங்க அப்பா வயசு, ஏலே போட ஒங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது, பாட்டுக்குப் பட்டா போட்டு வச்சிருக்கீகளா என்று நல்ல நல்ல வசனங்கள். படமாக இருந்தால் தியேட்டரில் கை தட்டியிருப்பார்கள்.

"எடுத்துறேன்ணே" என்றேன்.

அண்ணே. என் வாயிலிருந்துதான் வந்தது. வேறு யாரும் அந்தக் கவுன்டரில் இல்லை.

ரத்து செய்தேன். போயிருச்சா என்று பார்க்க அவன் தன் போனிலிருந்து அடித்தான். மாற அரை மணி நேரம் ஆகும் என்று சொன்னேன், கேட்கவில்லை. போனைக் காதில் வைத்தபடி நின்றான். அது அப்போதும் ஒலித்துக்கொண்டிருந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் எனக்கு மெலிசாகக் கேட்டது. ஏழாவது விநாடி வந்தது. மூச்சா, வில்லா? பக்கத்தில் தகராறு பண்ண ஆள் இல்லை.

"இன்னும் பாடுதுல?"

"கொஞ்ச நேரத்துல போயிரும்ணே."

மூன்று தடவை அடித்தான். நான்காவது தடவை வெறும் மணி ஒலித்தது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "இந்த நம்பரும் இனி இருக்காது. அவளுக்கு வேலையும் இல்ல, போனும் இல்ல. ஒன்னால" என்றான். பாக்கர் பாயைப் பார்த்து, "ஆள் பாத்து வேலைக்கு வைங்க பாய்" என்றான்.

பாய் அவன் போகும் வரை சிரித்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தார். போனதும் என்னிடம், "இனி யாருக்கும் ட்யூன் கீன் வைக்காத புள்ள. ரீசார்ஜ் மட்டும் பாரு" என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நானும் சிரிக்காத குறைதான்.

அய்யா கருவேலங்காட்டில் விறகு வெட்டி, கரிமூட்டம் போடும் வேலைக்குப் போனார். புகையில் இருமல் பிடித்துக்கொண்டது. மிளகாய்க் காட்டில் பழம் சிவந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டேதான் அந்த வழியாக நடந்து போவார். ஒரு வார்த்தை சொல்லமாட்டார். சொன்னால்கூடப் பரவாயில்லை.

சனிக்கிழமை நான் மதுரைக்குப் போனேன்.

"கொழுப்புடி ஒனக்கு" என்றாள் அம்மா. கொழுப்பு இல்லை. பதில் தெரிய வேண்டியிருந்தது. இவ்வளவு நாசத்துக்கும் ஒரு பதிலாவது மிச்சமாகட்டும் என்று நினைத்தேன். என்றைக்காவது எப்படியாவது அவளிடம் சொல்லி அனுப்பலாம். பொம்பளை என்றோ, வில் என்றோ. ஒரே ஒரு சொல்தானே.

மைதானம் நிறைந்திருந்தது. அவளுக்குரிய நாற்காலியில் என் பையை வைத்திருந்தேன். ஒருவன் வந்து "ஆள் வருதா?" என்றான். "வரல" என்றேன். பையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தான்.

இரண்டு மணி நேரம் ஆட்டம்போடும் பாட்டுகளாகவே போனது. பிறகு விளக்கு அணைந்தது. பெரிய திரையில் ஒரு மடைக் கம்பியின் படம். ஜெயக்கொடி ஒரு கையைத் தூக்கினார். அறுபது பேரும் நிறுத்தினார்கள். நான் எழுந்து நின்றேன். மேடையின் பின்வரிசையில் யாரோ அசைந்த மாதிரி இருந்தது.

அந்த நேரத்தில் மைதானம் வெடித்தது. விசில். எனக்கு முன்னால் பத்துப் பதினைந்து பையன்கள் நாற்காலி மேல் ஏறித் துண்டைச் சுழற்றினார்கள். "நம்ம பாட்டுடா! நம்ம பாட்டு!" அடுத்த பகுதியிலிருந்து வேறொரு கூட்டம் ஊளையிட்டது. இவர்கள் பதிலுக்கு ஒரு தலைவர் பெயரைச் சொல்லிக் கோஷம் போட்டார்கள். எங்கள் ஆட்கள்தான். எங்கள் பையன்கள்தான்.

"உக்காருங்கடா! கேக்க விடுங்கடா!" என்று கத்தினேன். ஒருத்தன் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு மறுபடியும் ஆடினான். திரையில் ஜெயக்கொடியின் மூடிய கண்ணை மட்டும் பெரிதாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையைக் காட்டவே இல்லை. பதினோரு விநாடி எத்தனை நேரம்? பறை விழுந்தது. அதோடு எல்லாரும் சேர்ந்து குதித்தார்கள்.

ஊரில் அந்தச் சத்தத்தின் வாயை மூடினார்கள். இங்கே தங்கள் வாயைத் திறந்து அதை மூடிவிட்டார்கள். கேட்டவன் எவனும் இல்லை.

அன்றைக்கு எடுத்த வீடியோக்கள் அத்தனையும் குழுவில் வந்தன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் விசில்தான். மறுபடியும் கேள்வியைப் போட்டேன். நெருப்பு, நெருப்பு, நெருப்பு. குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டேன்.

வைகாசியில் அவள் கல்யாணம் நடந்தது. காலனிக்கு மைக் செட் சத்தம் மட்டும் வந்தது, சாமி பாட்டு. ஆடி மாசம் முறைப்படி அம்மா வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள்.

ஒரு காலையில் ஏழே கால் பஸ்ஸில் அவள் ஏறினாள். கூட அவள் அம்மா. இரண்டாவது சீட். புதுத் தாலிக் கயிறு, பட்டுப்போன மாதிரி ஒரு முகம். என் பக்கம் திரும்பவில்லை. நானும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இருபது நிமிடம்.

சிக்கல் வந்தது. கூட்டம் ஏறியது. கம்பு ஊன்றிய ஒரு வயசான அம்மா படியேறித் தடுமாறினாள். முருகலட்சுமி எழுந்தாள். "நீ எதுக்கு?" என்று அவள் அம்மா சேலையைப் பிடித்து இழுத்தாள். அவள் விடுவித்துக்கொண்டு சீட்டைக் கொடுத்தாள்.

என் கை தானாகப் போய்ப் பையைத் தூக்கி மடியில் வைத்தது.

அவள் நடக்கவில்லை. மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு, டிரைவர் முதுகைப் பார்த்தபடி, அங்கேயே நின்றாள். ஒரு நிமிடம் பார்த்தேன், இரண்டு நிமிடம் பார்த்தேன். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒரு அக்கா வந்து, "ஆள் வருதாத்தா?" என்றாள்.

"வரல."

அந்த அக்கா உட்கார்ந்தாள். பிள்ளையின் கையில் ஒரு போன். ஏதோ ஒரு பாட்டு, நாலு வரி முடிவதற்குள் அடுத்த பாட்டு, அதற்கும் அடுத்தது. முழுச் சத்தத்தில். ராமநாதபுரம் வரைக்கும் அது ஓடிக்கொண்டே இருந்தது. குறைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ராமநாதபுரம் வரைக்கும் முருகலட்சுமி நின்றுகொண்டேதான் வந்தாள்.